வெள்ளைக் குதிரைகளும் மணல் திராட்சையும்

பாரிஸிலிருந்து வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கமார்க்கைத்தான் சொல்வேன். ரோன் ஆறு கடலில் சேரும் சதுப்பு நிலம். அங்குள்ள வெள்ளைக் குதிரைகள் பிறக்கையில் கருமையானவை. நாலைந்து வயதில்தான் வெளுக்கும். பார்த்ததும் நெடுந்தீவு நினைவு வரும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி இந்த மணலில் பிழைக்கவில்லை; ஏக்மோர்த் பக்கம் இன்றும் மணலில்தான் கொடிகள். வைன் வெளிர் நிறம்.

நெல்வயல்களை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். உலகப் போர் வேலைக்கென வியட்நாமிலிருந்து பெரும்பாலும் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்களே 1940களில் இங்கு நெற்செய்கைக்கு உயிர்கொடுத்தார்கள். போர் முடிந்தும் பலரால் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்ப முடியவில்லை. சலின் த ஜிரோவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 2014இல்தான்.