ஓரெழுத்துத் தூரம்



நீதிமன்றக் கூண்டில் நிற்பவருக்குக் குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்படுகிறது. அதன்பின் அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். குற்றவாளியா, சுற்றவாளியா? எழுத்திலே பார்த்தால் இரண்டு சொற்களுக்கும் ஓரெழுத்துத்தான் வேற்றுமை. அந்த ஓரெழுத்துத் தூரத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1968ஆம் ஆண்டு வடபகுதி நீதிமன்றமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகக் கடமையேற்றிருந்தேன். சைக்கிள் களவு வழக்கொன்றில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கூண்டில் நின்றான். நான் வழக்கம்போல, “எதிரி சொல்கிறார்”, “எதிரி மறுக்கிறார்” என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மன்று கலைந்ததும் விறாந்தையில் அவனுடைய தாய் என்னை மறித்தாள்.

“தம்பி, எதிரி எதிரி எண்டு சொன்னியள். என்ரை பிள்ளை ஆருக்கு எதிரி?”

“அது கோட்டிலை சொல்லுற சொல், ஆச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். நான் அளித்திருக்க வேண்டிய மறுமொழி இதுவல்ல என்பது பின்னர்தான் உறைத்தது.

வழக்கிலே எதிரி என்பவர் பகைவர் அல்லர். குற்றஞ்சாட்டும் தரப்புக்கு எதிரே நிற்பவர், அவ்வளவே. பொலிசார் ஐயுறும்போது ஒருவர் சந்தேகநபர். நீதிமன்றில் குற்றஞ்சாட்டப்பட்டபின் எதிரி. குற்றம் எண்பிக்கப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்பட்டபின்னரே குற்றவாளி. சட்டம் மூன்று படிகளை வைத்திருக்கிறது. ஊர்வாயோ முதற்படியில் நின்றபடியே மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறது.

சொத்துப் பற்றிய சட்டத்திலே நமக்குச் சொந்தமான சொற்களுக்குக் குறைவில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலே முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்றெல்லாம் நம்மவர் நாவிற் பழகிய சொற்கள் நிற்கின்றன. களவும் கொலையும்கூடப் பழந்தமிழ்ச் சொற்களே. ஆனால் குற்றச்சாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட படிகள் இன்றைய வடிவில் வந்தது ஐரோப்பியர் அமைத்த மன்றுகளின் வழியாக. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இந்தியாவில் சட்டமான தண்டனைக் கோவையைப் பெரிதும் தழுவி, 1883இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதுவரை இங்கு குற்றங்களுக்கு அடிப்படையாயிருந்தது உரோமன் டச்சுச் சட்டம்.

இக்கோவையைப் படிப்பவருக்கு முதலிற் புலப்படுவது, கை செய்ததை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. மனம் எண்ணியதையும் பார்க்கிறது என்பதே. களவையே எடுத்துக்கொள்வோம். பிறரிடமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி அப்புறப்படுத்தினால் மட்டும் அது களவாகிவிடாது. நேர்மையற்ற எண்ணமும் இருத்தல் வேண்டும். சந்தை வாசலில் தன்னுடையதென்று எண்ணி வேறொருவர் குடையை எடுத்துச் செல்பவர் கள்வர் அல்லர்.

கொலையிலும் இதே நுட்பம் உண்டு. ‘கைமோசக் கொலை’ என்றொரு சொல் நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. இதைக் கேட்டதும் கைதவறி நேர்ந்த விபத்து என்றே பலர் எண்ணிவிடுவர். அப்படியன்று. கொல்லும் எண்ணமே இருந்திருக்கலாம்; ஆயினும் கடுமையான, திடீரென எழுந்த ஆத்திரமூட்டல் போன்ற காரணங்களால் குற்றத்தின் கனம் குறைகிறது. கொலைக்கு நமது கோவை விதிப்பது மரண தண்டனை, 1976க்குப் பின் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லையெனினும். கைமோசக் கொலைக்கு ஆகக் கூடியது இருபது வருடச் சிறை. ஒரு மனிதனின் உயிர் இவ்விரு சொற்களுக்கிடையே ஊசலாடியிருக்கிறது.

எண்பிக்கும் பொறுப்பு யாருடையது? குற்றஞ்சாட்டுபவருடையது. அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்க வேண்டும். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கிய துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவம், மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். 1951 ஒக்டோபரில் நிகழ்ந்த கொலை அது. வீட்டு வேலைக்காரன் நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானான். கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். உயிர் பிரிந்த நேரம் எது என்பதே வழக்கின் அச்சாணியாயிற்று. 1953இல் யூரர்கள் சுற்றவாளி என்றனர். ஊர் என்றோ தீர்ப்பெழுதி முடித்திருந்த வழக்கிலே, மன்று சாட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தது.

இந்தப் படிகள் இல்லாவிடின் என்ன நேரும் என்பதைச் சிலப்பதிகாரத்தை விட நன்றாகச் சொன்ன நூல் நம்மிடம் இல்லை. கோவலன் சந்தேகநபராகவே வெட்டுண்டான். அவன் எதிரியாக நின்று ஒரு வார்த்தை சொல்ல மன்று கூடவில்லை. சிலம்பினுள் இருந்தது மாணிக்கமா முத்தா என்ற தடயப் பரிசோதனை, தண்டனை நிறைவேறிய பின்னரே நடந்தது. பாண்டியன் கொடியவன் அல்லன். அவசரப்பட்டவன்.

நம் காலத்திலும் இந்தப் படிகள் தளர்த்தப்பட்டதுண்டு. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் விதி. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலை ஏற்க இடமளித்தது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியென அனுமானிக்கப்படுவர் என்று அரசியலமைப்பு 1978இல் கூறி ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. அந்தச் சுமையோடு கூண்டேறிய பிள்ளைகளின் தாய்மாரை நம்மிற் பலர் அறிவோம்.

அந்தச் சைக்கிள் வழக்குக்கு வருகிறேன். பிணை நிற்க ஆளின்றிப் பையன் இரண்டு மாதம் விளக்கமறியலில் இருந்தான். வழக்கை விசாரிப்பதை ‘விளங்குதல்’ என்பது நம்மவர் பழைய பேச்சு. உண்மை விளங்கும்வரை மறியல் என்று அந்தச் சொல்லே சொல்கிறது. உண்மை விளங்கியது. சைக்கிளைத் தானே இரவல் கொடுத்ததாகக் குறுக்கு விசாரணையில் உரிமையாளர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நீதவான் பையனைச் சுற்றவாளியெனக் கண்டு விடுதலை செய்தார்.

சில வருடங்களின் பின் தாயைச் சந்தையில் கண்டேன். மகன் வன்னியிலே யாரோ ஒருவரின் வயலில் வேலை செய்கிறான் என்றாள்.

“ஏனாச்சி, ஊரிலை நிக்கேல்லையோ?”

“மறியலுக்குப் போய் வந்தவன் எண்டுதான் தம்பி ஊர் சொல்லுது” என்றாள்.

மன்றிலே நான் உரத்து மொழிபெயர்த்த ‘சுற்றவாளி’ என்ற சொல் அவளுடைய ஒழுங்கைவரை போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நீதவானின் கடமையன்று. நேயர்களே, அது நம்முடையது.