ஓர் இரவு விருந்தாளிகள்

1951ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரத்தில் வீடு கட்டும் தொழிலில் நல்ல பொருள் ஈட்டியிருந்த கெம்மன்ஸ் வில்ஸன் என்பவர், தம் மனைவி டாரதியையும் ஐந்து குழந்தைகளையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு, தலைநகரான வாஷிங்டனைப் பார்த்துவரப் புறப்பட்டார். அந்த யாத்திரையில் அவர் கண்ட காட்சிகளைப் பற்றிச் சரித்திரம் அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. இரவு தங்கிய அறைகளைப் பற்றித்தான் சொல்லுகிறது. அறைகள் குறுகலாகவும் அழுக்காகவும் இருந்தன. ஆறு டாலர் அறைக்கு, குழந்தை ஒன்றுக்கு இரண்டு டாலர் வீதம் கூட்டிப் பதினாறு டாலர் கேட்டார்கள், ஐந்து குழந்தைகளும் பெற்றோரின் அறையிலேயே படுத்துக்கொண்ட போதிலும். வில்ஸனுக்கு உண்டான கோபம் சாமானியமானதல்ல. நாடெங்கும் நானூறு நல்ல விடுதிகள் கட்டப்போவதாக அவர் தம் மனைவியிடம் சபதம் செய்தார் என்று சொல்வதுண்டு.

அந்தக் கோபத்தின் நியாயத்தை அறிய வேண்டுமானால், மோட்டல் என்னும் சாலையோர விடுதித் தொழில் பிறந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் 850 டாலர் விலைக்கு வெளியிட்ட ‘மாடல் டி’ மோட்டார், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கி, 1927இல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகளாகப் பெருகிவிட்டது. அதுவரை ரயிலின் நேரத்துக்கும் ரயிலடி ஓட்டலுக்கும் கட்டுப்பட்டிருந்த குடியானவனும் கடைச் சிப்பந்தியும், மனைவி மக்களோடு நினைத்த நேரத்தில் கிளம்பி நினைத்த இடத்தில் நிற்கும் சுதந்திரத்தை முதன்முதலாக அனுபவித்தார்கள். புழுதி படிந்த உடையோடு நகரத்து ஓட்டலின் பெரிய கூடத்தில் நுழையவும், பெட்டி தூக்குகிறவனுக்கும் கதவு திறக்கிறவனுக்கும் இனாம் கொடுக்கவும் கூசிய அந்தக் குடும்பங்கள், சாலையோரத்து வயல்களிலும் தோப்புகளிலும் கூடாரம் அடித்து, தகர டப்பாக்களில் கொண்டுவந்த உணவைச் சூடாக்கி உண்டு இரவைக் கழித்தன; 1919இல் ஃபுளோரிடாவிலுள்ள டாம்பா நகரத்தில் இத்தகையவர்கள் ஒன்றுகூடி, ‘தகர டப்பாப் பிரயாணிகள்’ என்ற பெயரிலேயே ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் கடைத்தெருவில் காசு செலவழிப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஊராட்சிகள் இலவசக் கூடாரத் திடல்களைத் திறந்தன. ஏழைகள் அங்கேயே தங்கிவிடுவதைக் கண்டு பின்னர்க் கட்டணம் விதித்தன. கட்டணம் வந்தவுடன் தனியாரும் போட்டிக்கு வந்து, கூடாரத்துக்குப் பதிலாகச் சிறிய மரக்குடில்களைக் கட்டினார்கள். ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடச் சிற்பி, 1925ஆம் ஆண்டு டிசம்பரில், கலிஃபோர்னியாவின் ஸான் லூயிஸ் ஒபிஸ்போவில், வண்டிக் கொட்டகையோடு கூடிய அறைகளை இரவுக்கு ஒன்றேகால் டாலர் வாடகைக்குத் திறந்து, அதற்கு ‘மோ-டெல்’ என்று பெயரிட்டார்.

இந்தத் தொழிலுக்குப் பிறவியிலேயே ஒரு தோஷம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். நகரத்து ஓட்டலுக்கு மாதந்தோறும் அதே வியாபாரப் பிரதிநிதி வருவான். இன்று அவனுக்குக் கிழிந்த விரிப்பைப் போட்டால் அடுத்த மாதம் அவன் எதிர் ஓட்டலுக்குப் போய்விடுவான். மோட்டலுக்கு வருகிறவனோ அந்தி மயங்கிய பிறகு களைத்து வந்து, விடியுமுன் புறப்பட்டு, ஆயுளில் மறுபடி அந்தப் பக்கம் வராமலே போகக்கூடியவன். அவனைத் திருப்திப்படுத்துவதைவிட அவன் வண்டியை நிறுத்தச் செய்வதே லாபம். ஆகவே மூலதனத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளே போகாமல், வெளியே நியான் விளக்கால் எழுதிய பெயர்ப்பலகைக்குப் போயிற்று. கணவனும் மனைவியுமாக நின்று, துடைத்துப் பெருக்கி, வந்தவர்களை உண்மையான அன்போடு உபசரித்த மோட்டல்கள் அனேகம் இருந்தன. ஆனால் ஓடும் வண்டியிலிருந்து பார்க்கிறவனுக்கு நல்லதும் கெட்டதும் ஒரே வண்ணத்தில்தான் ஒளிவீசின. பணம் கொடுக்குமுன் அறையைத் திறந்து காட்டச் சொல்லும் வழக்கம் பிரயாணிகளிடையே பரவியது இதனால்தான்.

விந்தை என்னவென்றால், வழிப்போக்கனை ஒருமுறையே காண முடியும் என்ற அதே நிர்ப்பந்தம், அந்தச் சாலைகளின் மிகப் பெரிய சந்தோஷங்களுக்கும் காரணமாயிற்று. 1926இல் எண்ணிடப்பட்ட 66ஆம் நெடுஞ்சாலை, சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை எட்டு மாகாணங்களைக் கடந்து சுமார் 2,400 மைல் ஓடியது. இடையில் பாலைவனமும் வெட்டவெளியும் கணக்கின்றிக் கிடக்க, பின் ஆசனத்துக் குழந்தைகள் சண்டையிடத் தொடங்கும் அந்தத் தூரங்களில் ஏதேனும் ஒரு விசித்திரத்தைக் காட்டி வண்டியை நிறுத்தச் செய்யும் கலை வளர்ந்தது. மிஸௌரியில் லெஸ்டர் டில் என்பவர் 1935இல் மெரமெக் குகையைத் திறந்து, ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற பிரபல கொள்ளைக்காரன் ஒளிந்திருந்த இடம் என்று விளம்பரம் செய்து, குடியானவர்களின் தானியக் களஞ்சியங்களின் மேலெல்லாம் குகையின் பெயரை எழுதுவித்தார். ஃபிராங்க் ரெட்ஃபோர்டு என்பவர், சமவெளிச் செவ்விந்தியரின் கூம்புக் கூடாரங்களைப் போன்ற தனித்தனி அறைகளைக் கட்டி, கென்டக்கியில் தொழில் தொடங்கினார். அரிஸோனாவின் ஹோல்புரூக்கில் 1950இல் அதே மாதிரி விடுதி கட்டிய செஸ்டர் லூயிஸ், அறைகளிலிருந்த ரேடியோவைக் கேட்க விருந்தினர் போடும் பத்து ஸென்ட் நாணயங்களையே ரெட்ஃபோர்டுக்கு உரிமைத்தொகையாகக் கொடுத்தார்.

இவற்றிலெல்லாம் என் மனத்தை மிகவும் கவர்வது தெற்கு டக்கோட்டாவிலுள்ள வால் என்ற சிற்றூரின் மருந்துக்கடைதான். டெட் ஹஸ்டெட் என்ற மருந்தாளர் 1931இல் அதை வாங்கி, ஐந்து ஆண்டுகளில் பிழைப்பு நடக்காவிட்டால் விட்டுவிடுவது என்று தம் மனைவி டாரதியோடு பேசி வைத்திருந்தார். தவணை முடியும் தறுவாயில், 1936ஆம் ஆண்டுக் கோடையின் கடும் வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் தூங்கச் சென்ற டாரதி, சாலையில் ஓயாமல் செல்லும் வண்டிகளின் இரைச்சலால் தூக்கம் வராமல் எழுந்து வந்து, இத்தனை பேருக்கும் இந்த வெயிலில் வேண்டுவது ஐஸ் தண்ணீரல்லவா என்றாள். டெட் பலகைகளில் இலவச ஐஸ் தண்ணீர் என்று எழுதி நெடுஞ்சாலையில் நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கடைவாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தப் பலகை வாக்களித்ததைக் கடை அப்படியே கொடுத்தது; பின்னாளில் பெரிய வாணிகமாக வளர்ந்த பிறகும் தண்ணீரை இலவசமாகவே கொடுத்துவருகிறது.

வில்ஸன் செய்ததும், வேறு அளவில், பலகைக்கும் அறைக்கும் இடையே இருந்த பிளவை மூடிய காரியமே. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி மெம்பிஸின் ஸம்மர் அவென்யூவில் முதல் ‘ஹாலிடே இன்’ திறக்கப்பட்டது. நீச்சல் குளம், குளிர்சாதனம், ஒவ்வோர் அறையிலும் தொலைபேசி, இவையெல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோருடன் தங்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 1956இல் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்குப் புதிய பெருவழிகள் திட்டமிடப்பட, அவற்றின் சந்திப்புகளிலெல்லாம் அதே அளவு அறை, அதே படுக்கை, அதே பச்சைப் பலகை எழுந்து, 1968இல் ஆயிரமாவது விடுதியும் வந்துவிட்டது. களைத்த தாய்க்கு அது பெரும் ஆறுதல் என்பதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்களைத் தொடாமல் ஓடிய அந்தப் பெருவழிகளால் குகைக்காரர்களும் கூம்பு விடுதிக்காரர்களும் வாடினார்கள். 66ஆம் நெடுஞ்சாலையின் எண்ணே 1985இல் நீக்கப்பட்டது.

அழுக்கான அறை கிடைத்ததென்று குறைப்பட வேண்டுமானால், முதலில் அறை கிடைக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் கறுப்பின மக்களின் குடும்பங்களுக்கு எத்தனையோ மோட்டல்கள் கதவைத் திறக்கவே இல்லை. அவர்கள் உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு, உறங்க இடமின்றி இரவெல்லாம் வண்டியோட்டிச் சென்றார்கள். நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரரான விக்டர் கிரீன், அவர்களை ஏற்கும் விடுதிகளையும் உணவகங்களையும் திரட்டி 1936 முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அவர் காலமான பிறகும் அது 1960களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விலக்கைத் தடை செய்தபோது, அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல் அதை எதிர்த்து வழக்காடி, அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏகமனதான தீர்ப்பினால் தோற்றது. வில்ஸன் தம் விடுதியைத் திறந்த அதே மெம்பிஸ் நகரத்தில், கறுப்பின மக்களை வரவேற்ற லொரெய்ன் மோட்டலின் மாடித் தாழ்வாரத்தில் நின்றபோதுதான், 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி, அவர்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு மாண்டார்.

பெருவழிகள் கைவிட்ட பழைய மோட்டல்கள், 1970களின் எண்ணெய் நெருக்கடியில் சொற்ப விலைக்கு வந்தபோது அவற்றை வாங்கியவர்களில் பலர் குஜராத்திகள். சிலர் தாயகத்திலிருந்தும், சிலர் 1972இல் சர்வாதிகாரி இடி அமீனால் துரத்தப்பட்டு உகாண்டாவிலிருந்தும் வந்தவர்கள். அலுவலக அறைக்குப் பின்னாலேயே குடியிருந்து, கணவன் குழாய் பழுது பார்க்க, மனைவி விரிப்புகளை வெளுக்க, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து அறை பெருக்க, கூலியாளின்றி நடத்தினார்கள். சில போட்டியாளர்கள் தங்கள் விடுதி அமெரிக்கருக்குச் சொந்தமானது என்று வாசலில் பலகை மாட்டினார்கள். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் படேல் என்ற பெயரைக் கண்டால் தயங்கின. இவற்றை எதிர்கொள்ள 1989இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள்; அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறையச் சரிபாதி இந்திய வம்சாவளியினரின் கைக்கு வந்திருந்தது.