இரத்த அழுத்தம்: ஓர் எண்ணின் வரலாறு

மேட்டுப்பாளையத்தில் மலை இரயில் ஏறி உதகமண்டலத்தில் இறங்குகிறவர்களுக்கு வழியில் காது அடைத்துக் கொள்வது தெரிந்த செய்திதான். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஏறத்தாழ 580 மி.மீ. தான். அப்படியானால், சென்னையில் 120 என்று அளக்கப்பட்ட ஒருவரின் இரத்த அழுத்தம் உதகையில் என்ன ஆகும்? வெளியே 180 மி.மீ. குறைந்துவிட்டதே, உள்ளேயும் குறைய வேண்டாமா?

இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் மருத்துவர் அளப்பது, சுற்றியுள்ள காற்றைவிட இரத்தம் எவ்வளவு மிகுதியான அழுத்தத்தில் இருக்கிறது என்பதைத்தான். சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றுப் பிடிக்கும்போது பார்க்கும் அளவும் இத்தகையதே. சென்னையில் வெளியே 760 என்றால் தமனிக்குள் 880. உதகையில் வெளியே 580 என்றால் உள்ளே 700. இரண்டு இடத்திலும் வேறுபாடு அதே 120 தான்.

சரி, 120 என்பது 160 ஆகிவிட்டால் நமக்கு என்ன நேரும்? உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பிறகு ஏன் அஞ்ச வேண்டும்? அழுத்தத்தை அளக்கும் கருவி கைக்கு வந்த பிறகும், இந்தக் கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைக்க எழுபது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குதிரையும் கண்ணாடிக் குழாயும்

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. 1733-இல் வெளிவந்த தம் நூலில் இதை அவர் விவரித்திருக்கிறார்.

அந்த உயரத்தைப் பாதரசக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். 8 அடி 3 அங்குலம் என்பது 251 சென்டிமீட்டர். இரத்தத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.06, பாதரசத்தினுடையது 13.6. ஆகவே அது சுமார் 196 மி.மீ. பாதரசத்திற்குச் சமம். இதே கணக்கின்படி 120 மி.மீ. உள்ள மனிதரின் இரத்தம் ஏறத்தாழ 154 செ.மீ., அதாவது ஓர் ஆள் உயரத்திற்கு எழும்பும். அதனால்தான் தமனி வெட்டுப்பட்டால் இரத்தம் பீறிட்டு அடிக்கிறது.

ஆள் உயரக் குழாயை வைத்துக்கொண்டு நோயாளிகளைச் சோதிக்க முடியுமா? 1828-இல் பிரான்சு நாட்டுப் பொய்சல் பாதரச அழுத்தமானியைப் பயன்படுத்திக் குழாயைச் சிறிதாக்கினார். 1896-இல் இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் ரிவா-ரோச்சி, புயத்தில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை அமைத்தார். தமனியைத் துளைக்காமலே அளக்க வழி பிறந்தது. 1905-இல் இரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல இறக்கும்போது ஒரு கட்டத்தில் இரத்தம் தட்டித் தட்டிப் பாயும் ஒலி எழுந்தது. மேலும் இறக்கியபோது ஒலி மறைந்தது. ஒலி தோன்றும் இடம் இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம். மறையும் இடம் இதயம் விரியும்போதுள்ள அழுத்தம். மருத்துவர் 120-க்கு 80 என்று சொல்வது இந்த இரண்டையும்தான்.

தேவையான அழுத்தமா?

அளக்கத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. வயதானால் தமனிகள் தடித்துக் குறுகுகின்றன. குறுகிய குழாயில் இரத்தத்தைத் தள்ள மிகுந்த அழுத்தம் தேவைதானே என்று அக்காலத்து மருத்துவர் பலர் எண்ணினர். அதைக் குறைப்பதே ஆபத்து என்றும் கருதினர்.

அவர்கள் வாதத்தில் பாதி உண்மை இருந்தது. இயற்பியல் மாணவர்கள் படிக்கும் பொய்சல் விதியை நினைவுகூருங்கள். குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பாய்வு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சரியும். பழைய பாய்வு வேண்டுமானால் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டும். ஆனால் அந்தச் சுமையைத் தாங்குவது யார்? நிமிடத்திற்கு 72 என்று வைத்தாலும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கும் இதயம்தான். ஓயாத சுமையால் அதன் சுவர் தடிக்கிறது, நாளடைவில் தளர்கிறது. தமனிகளின் உட்சுவர் சிதைந்து கொழுப்புப் படிகிறது. இது வாதத்தின் மறுபாதி.

அதை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது உலகம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் சோதித்தபோது அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று அது 300-ஐத் தாண்டியது; மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, 63-ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்த நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் அருகிலிருந்தும் கொடுப்பதற்குத் தக்க மருந்து அவர்களிடம் இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-இல், அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களையே இதய நோய் மிகுதியாகத் தாக்குகிறது என்பதை 1960-களின் தொடக்கத்தில் அது தெளிவாகக் காட்டியது.

நம் மண்ணின் வேர்

மருந்து வந்த கதையில் நமக்குப் பெருமை தரும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931-இல் கல்கத்தாவின் சென், போஸ் ஆகிய இருவரும் எழுதினர். 1949-இல் பம்பாய் இதய நோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்து வேதியியலார் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர்.

அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றது. அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஃபிரெய்ஸ் முன்னாள் படைவீரர் 143 பேரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு மருந்து. மறு பிரிவுக்கு மருந்துபோல் தோன்றும் வெறும் மாத்திரை. 1967-இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடுகள். மருந்து உண்டவர்களில் இருவருக்கே. எழுபது ஆண்டுக் கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. அதில் தரப்பட்ட மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்ப்பின் என்பதை நாம் மறக்கலாகாது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் இன்று அது பெரும்பாலும் கைவிடப்பட்டு, வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் வழி திறந்தது அந்த வேர்தான்.

சென்னையில் ஐந்து லட்சம் பேர்

மேல்நாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். 2002-இல் சுமார் பத்து லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது ஒரு விதி புலப்பட்டது. நடுத்தர வயதினரிடம், 115 தொடங்கி மேல் அழுத்தம் 20 மி.மீ. உயரும் ஒவ்வொரு முறையும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. 115-இல் ஒன்று என்றால் 135-இல் இரண்டு, 155-இல் நான்கு, 175-இல் எட்டு! ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் மேல்நாட்டினர்.

நமக்குரிய விடை சென்னையிலேயே கிடைத்தது. 1998 முதல் 2001 வரை டாக்டர் கஜலட்சுமியின் குழுவினர் வீடு வீடாகச் சென்று, 35 வயதைக் கடந்த ஐந்து லட்சம் பேரின் இரத்த அழுத்தத்தையும் உயரம், எடையையும் அளந்தனர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்களுடன் சேர்ந்து பல ஆண்டுகள் இறப்புகளைக் கணக்கெடுத்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். இங்கும் அழுத்தம் ஏற ஏற மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேரும் சாவு ஏறிக்கொண்டே சென்றது. ஆனால் உடற்பருமனுக்கும் இச்சாவுகளுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிதாகவே இருந்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ‘நான் ஒல்லியானவன், எனக்கு ஏது பிரஷர்?’ என்று சொல்வதற்கு இடமில்லை.

மலையில் வாழ்வோருக்கு

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறவர்கள் மெலிந்த உடலினர். ‘உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது’ என்ற நம்பிக்கை அங்கே உண்டு. உழைப்பு நல்லதுதான். ஆனால் அது அளந்து பார்ப்பதற்கு மாற்றாகாது. மேலும், குளிரில் தோலருகேயுள்ள நுண்குழாய்கள் சுருங்குகின்றன. மேலே கண்ட நான்காம் அடுக்கு விதியை நினைத்துக்கொள்ளுங்கள். உறைபனி கொட்டும் மார்கழி, தை மாதங்களில் அழுத்தம் சற்றுக் கூடுவது இயல்பு. ஏற்கெனவே கூடுதலாக உள்ளவர்கள் அந்நாட்களில் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

உணவுக்கும் இதயத்திற்கும் உள்ள உறவு இம்மலைக்குப் புதிதன்று. குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களின் இதயத்தைத் தளரச் செய்த நோய் அது. அந்த ஓர் அறையே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகியது. அன்று இதயத்தைக் கெடுத்தது உணவில் இருந்த குறை. இன்று கெடுப்பவற்றுள் ஒன்று மிகை, அதாவது உப்பு. உப்பு மிகுந்தால் உடலில் நீர் தங்கி, குழாய்களில் ஓடும் இரத்தத்தின் பருமன் கூடுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழம்பில் போடுவது மட்டுமல்ல. ஊறுகாய், அப்பளம், கருவாடு, தேநீருடன் உண்ணும் வர்க்கி எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

பாதரசம் நச்சுப்பொருள் என்பதால், 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பாதரசக் கருவிகள் மறைந்து வருகின்றன. எண்களைக் காட்டும் மின்கருவிகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அளவுக் கருவியையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

முப்பது வயதைக் கடந்தவரா நீங்கள்? ஆண்டுக்கு ஒரு முறையேனும் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். கை தாழ்ந்தால் எண் கூடும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். மாத்திரை தந்தால், ‘இப்போது நன்றாக இருக்கிறேனே’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றுவதே இந்நோயின் இயல்பு. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.