பஞ்ச காலத்துக் கொக்கி ஊசி

அகீகா வீடுகளில் குழந்தையின் தொட்டிலருகே அன்பளிப்புகள் குவிந்திருப்பதைக் காண்கிறோம். பெரும்பாலானவை கடையில் வாங்கிய சட்டைகளும் துண்டுகளுமே. அவற்றுக்கிடையே எப்போதாவது, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சிறு சிறு சதுரங்கள் இணைந்த குரோஷா போர்வை ஒன்று கண்ணில் படும். வந்திருக்கும் பெண்கள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், "யார் பின்னியது?" என்று கேட்பார்கள். மற்ற அன்பளிப்புகளைப் பற்றி எவரும் அவ்வாறு கேட்பதில்லை. அந்தப் போர்வைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஓய்வு நேரப் பொழுதுபோக்கின் வரலாறாகவே பலரும் அதை எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் முக்கியமான அத்தியாயம் பசியால் எழுதப்பட்டது.

குரோஷா என்பது நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியை இழுத்துப் பின்னும் முறை. ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே வரிசையாக நிற்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரு கண்ணியே ஊசியில் இருக்கும். கை விரும்பும் திசையில் பின்னல் திரும்பும். ஆலைகளில் இதைப் போன்ற தோற்றமுடைய துணிகளை இயந்திரங்கள் நெய்து தள்ளுகின்றன. ஆனால் உண்மையான குரோஷா பின்னலை ஆலை அளவில் உற்பத்தி செய்யும் இயந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஆகவே கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் குரோஷா குல்லாவும், மேசை விரிப்பும் யாரோ ஒருவர் கையால் பின்னியவை. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எந்தக் கலையைப் பற்றி எழுதினாலும் அதை முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள் என்று நிறுவிவிடும் வழக்கம் நம் எழுத்துகளில் உண்டு. குரோஷா விஷயத்தில் அதற்கு இடமில்லை. இரட்டை ஊசிப் பின்னலில் முஸ்லிம் உலகின் பங்கு பெரிது. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் துணிகளுள் எகிப்தின் நீல வெள்ளைப் பருத்திக் காலுறைகள் இடம்பெறுகின்றன. 1275இல் மறைந்த ஸ்பெயின் இளவரசர் ஒருவரின் கல்லறையில், முஸ்லிம் கைவினைஞர் பின்னிய பட்டுத் தலையணை உறை கிடைத்தது. அதன் ஓரத்தில் 'பரக்கத்' என்னும் சொல் கூஃபி எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் குரோஷா மிகப் பிந்தியது. அச்சில் வந்த அதன் பழைய பின்னல் குறிப்புகள் 1823ஆம் ஆண்டின் டச்சுப் பெண்கள் இதழான 'பெனலோப்'பில் காணப்படுகின்றன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் வேலை கீழைநாடுகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்றது. இன்று நம் பெண்கள் ரவிக்கைக்குப் போடும் ஆரி வேலைப்பாட்டின் உறவு அது. அந்தத் துணியை நீக்கிவிட்டு நூலை மட்டும் பின்னியதே குரோஷா என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. நம் பங்கு அந்த அளவோடு நிற்கட்டும்.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் பரவியது. ஏழை உழவர்களின் அன்றாட உணவே உருளைக்கிழங்குதான். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் அழுகியது. சுமார் 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி நாட்டை விட்டகன்றனர். அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் மடத்தினர் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். மோனகன் பகுதியிலுள்ள குளோன்ஸ் என்னும் ஊரில், பாதிரியார் ஒருவரின் மனைவியான கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் இதே பணியைத் தொடங்கினார். ஐரோப்பிய மேட்டுக்குடியினர் விரும்பிய வெனிஸ் நகரத்து ஊசிச் சரிகைப் பின்னல் மிக மெதுவாக வளர்வது. ஏறத்தாழ அதே அழகைக் குரோஷா பன்மடங்கு விரைவில் தந்தது. முதலீடும் மிகக் குறைவு: மெல்லிய பருத்தி நூலும், வளைத்த முனையுடைய ஓர் ஊசியும் போதும். ரோஜா, இலை, மூவிலைக் கீரை என ஒவ்வொரு வடிவத்தையும் ஒவ்வொரு வீட்டார் தனித்தனியே பின்னினர். சில குடும்பங்கள் தம் வடிவத்தை மறைபொருளாகக் காத்தன. பிறகு வேறொருவர் அவற்றையெல்லாம் வலைப்பின்னலால் இணைத்து ஒரே கழுத்துப்பட்டையாக ஆக்கினார். உருளைக்கிழங்கு அழுகிய வீட்டில் பெண்ணின் கை குடும்பத்துக்குச் சோறு போட்டது, குத்தகை கட்டியது, சிலருக்குக் கப்பல் கட்டணமும் தந்தது.

அந்த 1847இல்தான் உதுமானியப் பேரரசர் சுல்தான் அப்துல் மஜீத் அயர்லாந்தின் பட்டினியைத் தணிக்க 1,000 பவுன் அனுப்பினார். விக்டோரியா அரசியார் கொடுத்தது 2,000 பவுன். அயர்லாந்துப் பிரமுகர்கள் கையொப்பமிட்டுச் சுல்தானுக்கு அனுப்பிய நன்றி மடல் இன்றும் துருக்கி ஆவணக் காப்பகத்தில் உள்ளது. மார்க்கம் வேறு, மொழி வேறு, கடல் கடந்த தேசம். பசி என்று கேட்டதும் கை நீண்டது.

அயர்லாந்துப் பின்னல் வெள்ளை நிறத்தது. வண்ணங்கள் பின்னரே பெருகின. 1856இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் கொய்னா மருந்து செய்ய முயன்று ஊதாச் சாயத்தில் சென்று முடிந்தார். அதைத் தொடர்ந்து வந்த செயற்கைச் சாயங்களால் பளிச்சிடும் உல்லன் நூல் எளிய வீடுகளுக்கும் எட்டியது. எஞ்சிய துண்டு நூல்களை வீணாக்காமல் சதுரங்களாகப் பின்னி இணைக்கும் முறை 1885இல் 'பிரெய்ரி ஃபார்மர்' என்னும் அமெரிக்க உழவர் இதழில் அச்சாகியது. அகீகா வீட்டில் நாம் கண்ட போர்வை அந்த இனத்தது. சிக்கனமே அதன் வண்ணங்களுக்குக் காரணம்.

கையால் செய்த துணியை அன்பளிப்பாகத் தருவது நமக்குப் புதிதன்று. ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த, கரையிட்ட மேலாடையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்த செய்தியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீயில் அது பதிவாகியுள்ளது. தம் கையால் நெய்ததாக அப்பெண்மணி எடுத்துச் சொன்னார். நபியவர்கள் அதன் தேவையுடையவர்களாக ஏற்று, அதையே உடுத்தி வெளியே வந்தார்கள். அபிசீனியாவில் பிறந்த சிறுமி உம்மு காலித் (ரலி) அவர்களுக்கு, பச்சையோ மஞ்சளோ வேலைப்பாடுள்ள சிறு கறுப்பு ஆடையைத் தம் கையாலேயே அணிவித்து, அவர் பிறந்த நாட்டு மொழியில் அழகு என்று பாராட்டியதும் அதே தொகுப்பில் உள்ளது.

நம் அண்டை மாநிலத்துக்கு வருவோம். ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபூருக்கு 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் குரோஷாவைக் கொண்டுவந்தனர். பல்லாயிரம் பெண்கள் அதைக் கற்றனர். அவர்கள் பின்னியவை வெளிநாடுகளுக்குச் சென்றன. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: வீட்டு வேலைகளுக்கு மேல் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், அப்பெண்கள் தொழிலாளராகக் கருதப்படவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்' ஓய்வு நேரத்தில் செய்வதாகவே ஏற்றுமதியாளர்களும் குடும்பத்தாரும் பேசினர். கூலியும் அந்தப் பேச்சுக்கேற்ப மிகக் குறைவாகவே இருந்தது. 2024இல் நரசாபூர் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நல்லது. ஆனால் பின்னும் கைக்கு உரிய கூலியைக் குறியீடு நிர்ணயிப்பதில்லை.

நம் தெருக்களிலும் போர்வை பின்னித் தரும் சகோதரிகள் இருக்கிறார்கள். விலை கேட்டால் நூலின் விலையைச் சொல்லி, அதன்மேல் தயங்கித் தயங்கிச் சிறு தொகை ஒன்றைச் சேர்ப்பார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று நாம் கேட்டால், "சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே" என்பார்கள்.