மலக்குழியும் பொறியியல் வகுப்பறையும்

பொறியியல் மாணவர்கள் ஒரு சிக்கலைக் களத்தில் நேரில் கண்டு, பிற துறையினரோடு இணைந்து, தம் கையால் கருவி செய்து சோதித்துக் கற்கும் முறையே செயல்வழி வடிவமைப்புக் கல்வி. இயந்திரவியலும் வேதியியலும் சமூகவியலும் சட்டமும் அதில் ஒரே பணிக்குத் துணைநிற்கின்றன. இந்தியாவில் இக்கல்வியின் தேவையை மலக்குழி மரணங்கள் அளவுக்கு உணர்த்துவது வேறொன்றில்லை.

சட்டத்தின் நிலை

கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013இன் 7ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அபாயகரமான துப்புரவுப் பணிக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்கிறது. உரிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது 33ஆம் பிரிவு. ஆனால், பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றிச் செய்விக்கும் பணியை மட்டுமே ‘அபாயகரமானது’ எனச் சட்டம் வரையறுப்பதால், கவசம் அணிவித்து மனிதரை இறக்கும் வழி இன்னும் அடைபடவில்லை. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2023இல் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. மரணத்தைத் தடுக்கக் கருவி வேண்டும்.

இரு முன்மாதிரிகள்

கேரளத்தின் குட்டிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் பயின்ற நண்பர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் ‘பாண்டிகூட்’ 2018இல் திருவனந்தபுரத்தில் அறிமுகமானது. ஆள்நுழை குழிக்குள் எந்திரம் இறங்குகிறது. இயக்குபவர் மேலே நிற்கிறார்.

சென்னை ஐஐடியின் ‘ஹோமோசெப்’ ஒரு மாணவரின் முதுநிலை இறுதியாண்டுத் திட்டப்பணியாகத் தொடங்கியது. தொட்டியின் அடியில் இறுகும் கசடை உறிஞ்சுக் குழாயால் மட்டும் எடுக்க இயலாது. அதைக் கிளறவே மனிதர் இறக்கப்படுகின்றனர். ஹோமோசெப்பின் சுழலும் அலகுகள் கசடைக் கலக்கி வெளியேற்றுகின்றன. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் துணையோடு, இப்பணியில் கணவரை இழந்த பெண்கள் தலைமையிலான சுய உதவிக் குழுக்களுக்கு அதன் முதல் கருவிகள் 2022இல் வழங்கப்பட்டன.

மாணவர்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள்

தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்யும். இதை வேதியியல் நூல் கற்பிக்கும். குறுகிய சந்துக்குள் எந்திரம் நுழையுமா, பழுதானால் யார் சரிசெய்வது என்பதைத் தொழிலாளர்களே அறிவர். அவர்களது அறிவுக்கு ஊதியமும் உரிய பெயரும் தந்தாக வேண்டும்.

கருவியின் உரிமை யாரிடம் என்பதும் வடிவமைப்பின் பகுதியே. ஒப்பந்ததாரர் எந்திரத்தை வாங்கி, அதே சாதியினரைக் குறைகூலிக்கு இயக்க வைத்தால், உயிர் தப்பும். சாதித் தொழில் தப்பாது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவை, திட்டப்பணியின் முதல் பக்கத்திலேயே மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.