விரலும் கோலும்

நடுவர் அவர்களே, கொம்பு சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

போர்க்காலப் படங்கள் வளர்த்தது நாட்டுப்பற்றையா, பகைமையையா? பகைமைதான் என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார் எதிரணி அம்மா. ஆதாரமும் சொன்னார். முதல் உலகப் போரில் அமெரிக்காவில் ஒட்டிய சுவரொட்டி. ஜெர்மானியனை மனிதக் குரங்காக வரைந்து, தலையில் தொப்பி, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் தூக்கிய பெண். மறுக்கவில்லை ஐயா! அப்படியும் வரைந்தார்கள். ஆனால் அதுவே முழுக்கதையா?

1914-இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் லீட் ஒரு படம் வரைந்தார். போர் அமைச்சர் கிச்சனர், முறுக்கு மீசையோடு நம்மைப் பார்த்து விரல் நீட்டுகிறார். 1917-இல் அமெரிக்க ஓவியர் பிளாக், தன் முகத்தையே மாதிரியாக வைத்து வரைந்த 'அங்கிள் சாம்' சுவரொட்டியாக வந்தது. அங்கேயும் அதே விரல்! அந்த விரல் என்னங்க சொல்லுது? 'நீ போ'ங்குது. 'நானும் வர்றேன்'னு சொல்லுதா?

நம்ம படத்துக்கு வாங்க. 1905, வங்கப் பிரிவினைக் காலம். அவனீந்திரநாத தாகூர் பாரத மாதாவை வரைந்தார். காவி உடை, நான்கு கைகள். ஒன்றில் ஏடு, ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் வெள்ளைத் துணி, ஒன்றில் செபமாலை. கல்வி, சோறு, உடை, பக்தி. நாலு கை இருந்தும் ஒரு கையில்கூட ஆயுதம் இல்லை, நடுவர் அவர்களே!

அவருடைய மாணவர் நந்தலால் போஸ். 1930-இல் தண்டி யாத்திரையை லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டார். கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். காந்தியடிகள் கோலூன்றி நடக்கிறார். அது அடிக்கிற கோல் இல்லை, ஊன்றுகிற கோல். 'நீ போ' என்று விரல் நீட்டவில்லை. தானே முன்னால் நடக்கிறார். எதற்கு? ஒரு பிடி உப்புக்கு!

உப்பு என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் இரும்பைக்காரன். ஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம். பக்கத்தில் மரக்காணம் உப்பளம். என் தாய்மாமன் அங்கே உப்பு வாரியவர்.

1965-இல் பாகிஸ்தானோடு போர். நாட்டில் உணவுப் பஞ்சம் வேறு. சாஸ்திரி 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்றார். துப்பாக்கியோடு சிப்பாய், ஏரோடு உழவர் என்று படங்கள் வீட்டுக்கு வீடு வந்தன. மாமா அந்தக் காலண்டர் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் அதைப் பார்த்தபடியே கேட்டார்: "சிப்பாய் இருக்கான், உழவன் இருக்கான். உப்பு வார்றவன் எங்கடா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. உப்பைக் கொடியாக்கிய தேசம், உப்பு வாருபவனைப் படத்தில் வைக்க மறந்துவிட்டது. அது குறைதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மாமா படத்தைக் கழற்றி எறிந்தாரா? இல்லை. தினமும் துடைத்தார். அவர் கேள்வியில் பகை இல்லை ஐயா. 'நானும் இந்த நாட்டுக்காரன்தானே' என்ற ஏக்கம் இருந்தது. அந்த ஏக்கத்துக்குப் பெயர்தான் நாட்டுப்பற்று! அதை அவருக்குள் வளர்த்தது அந்தப் படம்தான் என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.