ராப் பாடியவர் ஒருவர், பத்திரம் வைத்திருந்தவர் வேறொருவர்

1979 செப்டம்பரில் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளிவந்தது. அதுவரை ராப் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தெரு விருந்துகளிலும் பூங்காக்களிலும்தான் வாழ்ந்தது. கேட்க ஆசைப்பட்டால் நேரில் போக வேண்டும், இல்லையென்றால் யாரோ பதிவு செய்த கேசட் கைக்கு வர வேண்டும். ராப்பை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன இந்தப் பாட்டுதான், அதன் முதல் பெரிய உரிமைச் சிக்கலையும் கொண்டுவந்தது. சொந்தமாக ஹிப் ஹாப் லேபிள் தொடங்க நினைக்கும் தோழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

பாட்டை வெளியிட்டது சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ். அதை நடத்தியவர் சில்வியா ராபின்சன் என்ற கறுப்பினப் பெண், அவரே பாடகியும்கூட. பாடிய மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்ஸ் கலைஞரின் நோட்டில் இருந்த வரிகளை எடுத்துப் பாடினார். அதில் வந்த காஸின் பட்டப்பெயரைக்கூட மாற்றவில்லை. பாட்டு உலகம் சுற்றியது. காஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை.

அதே பாட்டின் இசை, 'சிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதை எழுதிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்றார்கள். உடனே அவர்கள் பெயர்கள் பாட்டின் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டன.

இந்தக் கதையில் வருகிற எல்லோருமே கறுப்பின மக்கள்தான். அப்படியிருந்தும் ஒருவருக்கு நியாயம் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. 1978 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டப்படி, நோட்டில் எழுதிவைத்த வரிக்கும் காப்புரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்ட ஒப்பந்தமும் வழக்கறிஞரும் வேண்டும். சிக் குழுவுக்கு அந்தப் பலம் இருந்தது, தெருவில் பாடிய இளைஞனுக்கு இல்லை. நம்மவர் நடத்தும் லேபிள் என்பதற்காக நியாயம் தானாக வந்துவிடாது. அதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று வரிகளும் மெட்டும். மற்றொன்று ஸ்டுடியோவில் உருவாகும் ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர். பெரிய கம்பெனிகள் முன்பணம் கொடுத்து எழுதி வாங்கியது பெரும்பாலும் இந்த மாஸ்டரைத்தான். நியூ ஆர்லியன்ஸின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த மாஸ்டர் பி, தன் நோ லிமிட் லேபிளுக்காக 1996-ல் பிரயாரிட்டி ரெக்கார்ட்ஸுடன் செய்த ஒப்பந்தம் இதைத் தலைகீழாக்கியது. கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை மட்டும் அவர்களுக்கு. மாஸ்டர் உரிமையும் வருவாயின் பெரும்பங்கும் இவருக்கு.

அடுத்தவர் பாட்டிலிருந்து துண்டெடுத்துச் சேர்க்கும் சாம்பிளிங்குக்கும் 1991-ல் ஒரு கணக்கு வந்தது. கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை அனுமதியின்றிப் பயன்படுத்தியதால் பிஸ் மார்க்கியின் பாட்டுக்கு நியூயார்க் நீதிமன்றம் தடை விதித்தது. ஆல்பமே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னை மேடையில் கானாவையும் ராப்பையும் சேர்த்துப் பாடியது. அதன்பின் நம் பிள்ளைகள் பலர் மைக் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருந்துவது 1957-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம். இங்கும் எழுதிய உடனே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்கிறது சட்டம். 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ஹிப் ஹாப்பில் 'புரொடியூசர்' என்றால் பீட் செய்பவர். நம் சட்டத்தில் தயாரிப்பாளர் என்றால் பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர், மாஸ்டர் அவருக்கே. நண்பர்கள் நால்வர் காசு போட்டுப் பதிவு செய்யும்போது அந்த 'அவர்' யார் என்று எழுதாமல் விட்டால் பிற்பாடு நட்பும் போகும், பாட்டும் போகும்.

ஆகவே முதல் பாட்டுக்கு முன்பே நான்கு வேலைகளை முடிப்போம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று நமக்குள் ஒப்பந்தம் எழுதுவோம். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் கடன் நம் சொந்த வீடுவரை வரும், எல்.எல்.பி.யாகப் பதிந்தால் பொதுவாக அந்த ஆபத்து இல்லை. இரண்டாவது, பாடுபவர், எழுதுபவர், பீட் செய்பவர் ஒவ்வொருவரோடும் காலமும் பங்கும் குறித்த ஒப்பந்தம். மூன்றாவது, இணையத்தில் வாங்கிய பீட்டுக்கும் எடுத்தாண்ட துண்டுக்கும் எழுத்து அனுமதி. நான்காவது, லேபிள் பெயருக்கு டிரேட்மார்க். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவோம், நம் இயக்கங்களில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

காஸ் நோட்டில் எழுதினார், அது போதவில்லை. நாம் நோட்டிலும் எழுதுவோம், பத்திரத்திலும் எழுதுவோம்.

ஜெய் பீம்!